பரணில் இருந்து இறக்கிய டயனோராவில் கேபிள் பாக்ஸ் ஓடுமா?

பழவண்ணை_வாசி | ஞாயிறு, காலை 9:40

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன், டிவி விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எங்கள் அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், 76 வயது. ஹாலில் இருக்கிற எல்இடி டிவி காலையில் இருந்து ராத்திரி வரை என் பசங்க கையில்தான். ஏழு மணி செய்தி போடச் சொன்னால் "இன்னும் அஞ்சு நிமிஷம் தாத்தா" என்பார்கள், அந்த அஞ்சு நிமிஷம் எட்டரைக்குத்தான் முடியும். சின்னதாக ஒரு புது டிவி வாங்கி உங்கள் ரூமில் மாட்டிவிடுகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம், "பரண் மேல என் டிவி இருக்குல்ல, அத இறக்கு" என்று ஒரே பிடி. 1992 தீபாவளி போனஸில் வாங்கிய 20 இன்ச் டயனோரா கலர். பதினைந்து வருஷமாகப் பரணில் சும்மா கிடந்தது. நானும் மச்சானும் சேர்ந்து இறக்கினோம், என் இடுப்பு இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. தூசி தட்டி, ஒரு நாள் வெயில் காட்டி, பயந்துகொண்டே சுவிட்சைப் போட்டால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், கருகின தூசி வாசனை, பத்து செகண்டில் திரை முழுக்க எறும்பு ஓடுகிறது. உயிர் இருக்கிறது! அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கேபிள்காரரிடம் சொல்லி இரண்டாவது கனெக்‌ஷனுக்கு ஒரு பாக்ஸ் வாங்கிவிட்டேன். டிவிக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு ஓட்டை, பழைய ஆன்டெனா ஒயர் சொருகுகிற வட்ட ஓட்டை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு எதுவும் கிடையாது. பாக்ஸில் கேபிள் வந்து மாட்டுகிற இடம், பக்கத்திலேயே 'ஆர்எஃப் அவுட்' என்று ஒன்று, எச்டிஎம்ஐ, அப்புறம் ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்று, அதன் மேல் 'ஏவி' என்று எழுதியிருக்கிறது. யூடியூபில் ஒருத்தர் ஆர்எஃப் அவுட்டை நேராக டிவியில் சொருகி 3-ஆம் சேனலில் வைத்தால் படம் வரும் என்று காட்டினார். அதையே செய்தேன். டிவியின் முன்பக்க மூடிக்குள் 8 பட்டன், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பல்சக்கரம், அத்தனையையும் தீக்குச்சியால் திருகித் திருகிப் பார்த்தாயிற்று. எறும்பு, எறும்பு, எறும்பு.

கேபிள் பையன் பார்த்துவிட்டு "அண்ணே, இதெல்லாம் எடைக்குப் போடுற ஐட்டம்ணே" என்று சொல்லிவிட்டான், அதுவும் அப்பா காதுபட. அப்பா அவனுக்கு வைத்திருந்த டீயை அவரே குடித்துவிட்டார்.

இதற்கு ஏதோ கன்வர்ட்டர் பாக்ஸ் இருக்கிறது என்கிறார்களே, அது எது, ரிச்சி தெருவில் என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், எவ்வளவு ஆகும்?


வியாசை_மச்சி | ஞாயிறு, காலை 10:05

ப்ரோ, கோவிச்சுக்காதீங்க, கேபிள் பையன் சொன்னது வார்த்தைதான் தப்பு, விஷயம் சரி. அந்தப் பழைய பெட்டி 80, 100 வாட் இழுக்கும், 24 இன்ச் எல்இடி அதில் மூன்றில் ஒரு பங்குதான். கன்வர்ட்டர், ஒயர், அலைச்சல் என்று ஆயிரம் ரூபாயைப் போட்டு, நாளைக்கே டிவி உள்ளே ஏதாவது வெடித்தால் எல்லாம் வேஸ்ட். புது டிவி வாங்கி வைத்தால் ரெண்டு நாளில் அப்பா பழகிவிடுவார்.


மெக்கானிக்_தண்டையார்பேட்டை | ஞாயிறு, காலை 11:30

தம்பி பழவண்ணை, எடைக்கெல்லாம் போடாதே. நான் 1986-ல் இருந்து இந்த வேலை பார்க்கிறேன், டயனோராவும் சாலிடேரும் நம்ம மெட்ராஸ் சரக்கு, அவற்றின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எறும்பு ஓடுகிறது என்றால் பிக்சர் டியூப், பவர் எல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தம். பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்.

நீ ஏமாந்தது அந்த 'ஆர்எஃப் அவுட்' என்ற பெயரில். அது படம் வெளியே வருகிற ஓட்டை இல்லை. கேபிளில் என்ன சிக்னல் உள்ளே வந்ததோ அதையே தொடாமல் அடுத்த பாக்ஸுக்குத் தள்ளிவிடுகிற ஓட்டை, அவ்வளவுதான். வருவது டிஜிட்டல் சிக்னல், உன் டயனோராவின் டியூனருக்கு அனலாக் மட்டும்தான் தெரியும். தெலுங்கு தெரியாதவனிடம் தெலுங்கு பேப்பரைக் கொடுத்த மாதிரி. நீ தீக்குச்சி தேய்கிற வரை திருகினாலும் எறும்புதான் வரும்.

பாக்ஸ் பிரித்தெடுத்த படமும் சத்தமும் வெளியே வருவது அந்த ஏவி ஓட்டையிலும் எச்டிஎம்ஐயிலும் மட்டும்தான். ஆனால் உன் டிவிக்கு உள்ளே போக ஆன்டெனா ஓட்டை ஒன்றுதான் வழி. நடுவில் ஒரு ஆள் வேண்டும், அதன் பெயர் ஆர்எஃப் மாடுலேட்டர். கடையில் 'கன்வர்ட்டர்' என்று மட்டும் கேட்டால் எச்டிஎம்ஐயை ஏவி ஆக்குவது, ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது என்று எதையாவது தலையில் கட்டிவிடுவான், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி குட்டி டப்பா வேறு. "ஏவி இன், ஆர்எஃப் அவுட் மாடுலேட்டர்" என்று முழுசாகச் சொல். அது என்ன செய்யும் என்றால், பாக்ஸில் இருந்து வருகிற படத்தையும் சத்தத்தையும் வாங்கி, உன் வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி டிவி ஸ்டேஷன் மாதிரி ஒரே ஒரு சேனலில் அனுப்பும். 90-களில் வீடியோ கேம் வாங்கி ஆன்டெனா ஓட்டையில் சொருகி விளையாடினீர்களே, அந்த கேம் பெட்டிக்குள் இருந்ததும் இதே சரக்குதான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனி. உன் டிவியில் அந்தப் பல்சக்கரம் பக்கத்தில் விஎல், விஎச், யு என்று ஒரு சின்ன சுவிட்சும் இருக்கும். மாடுலேட்டர் எந்தச் சேனலில் அனுப்புகிறதோ அதற்குத் தக்கபடி அந்த சுவிட்சையும் வைக்க வேண்டும். 21-க்கு மேல் நம்பர் என்றால் யு. 5-ல் இருந்து 12 வரை என்றால் விஎச். அதற்கும் கீழே என்றால் விஎல். இதைப் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் திருகினால் பொழுது விடிந்துவிடும்.

அப்புறம் பாக்ஸில் இருக்கிற ஏவி ஹெட்போன் ஓட்டை மாதிரி என்கிறாய், அதற்கு ஒரு முனையில் மூன்று கருப்பு வளையம் போட்ட பின்னும் மறுமுனையில் மூன்று கலர் பின்னும் இருக்கிற ஒயர் வேண்டும். எல்லா ஒயரும் எல்லா பாக்ஸுக்கும் ஒத்துவராது, உள்ளே கம்பி வரிசை மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் 'கர்ர்ர்' என்று மட்டும் கேட்டால் படத்து சிக்னல் சத்தத்தின் வழியில் போகிறது என்று அர்த்தம், பயப்படாதே, மஞ்சள் இடத்தில் சிவப்பை மாற்றிச் சொருகிப் பார். முடிந்தால் பாக்ஸையே கடைக்கு எடுத்துக்கொண்டு போ.

வியாசை தம்பி சொன்னதில் ஒன்று மட்டும் சரி. பதினைந்து வருஷம் பரணில் கிடந்த டிவி, முதல் சில நாள் யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் ஓட வேண்டும். கருகல் வாசனை தொடர்ந்து வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடு. பின் மூடியை மட்டும் நீ திறக்கவே கூடாது. கலர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது டியூபில் தங்கி நிற்கும். எனக்கே ஒரு தடவை அடித்து எதிர்ச் சுவரில் போய் விழுந்திருக்கிறேன்.


கொடுங்கையூர்க்காரன் | ஞாயிறு, மதியம் 12:50

அண்ணன் சொன்ன பிறகு சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் யூடியூபில் பார்த்த '3-ஆம் சேனல்' கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். அது அமெரிக்கா வீடியோ.

அங்கே 2009 ஜூன் 12-ஆம் தேதியோடு பெரிய டிவி ஸ்டேஷன்கள் எல்லாம் அனலாக்கை நிறுத்திவிட்டன. மொட்டை மாடி ஆன்டெனாவில் பார்க்கிறவர்களின் பழைய டிவி அன்றைக்கே குருடாகிவிடும் என்று அரசாங்கமே வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒன்று 40 டாலர், கன்வர்ட்டர் பாக்ஸ் வாங்கக் கொடுத்தது. அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே மாடுலேட்டர் இருக்கும், 3 அல்லது 4-ஆம் சேனலில் படம் அனுப்பும். அதனால் அந்த ஊர்க்காரன் நேராகச் சொருகி 3-ல் வைத்தான், வந்தது. நம்ம ஊர் கேபிள் பாக்ஸில் அதே பெயரில் இருப்பது வேறு ஓட்டை.

எங்கள் சித்தப்பா நியூ ஜெர்சியில் இருந்து வரும்போது அப்படி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், "ஆன்டெனா மட்டும் வெச்சா போதும், மாசக் காசே இல்ல" என்று. மொட்டை மாடியில் ஏறி மீன்முள் ஆன்டெனாவைச் சுற்றிச் சுற்றித் திருப்பினோம். ஒன்றுமே வரவில்லை, எப்படி வரும், அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது அமெரிக்க முறை, இங்கே தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டது ஐரோப்பா பக்கத்து டிவிபி-டி2. பெட்டி இப்போது எங்கள் வீட்டு சாமி ரூமில் தீப்பெட்டி வைக்கிற பலகையாக இருக்கிறது. யாராவது வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம்ம ஊரிலும் ஆன்டெனா வழி டிஜிட்டல் இல்லாமல் இல்லை. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் தொடங்கியது, அதில் சென்னையும் உண்டு. ஆனால் அதில் தூர்தர்ஷன் சேனல்கள்தான், வேறு எதுவும் கிடையாது. இதற்காகத் தனியாக ஒரு டி2 பெட்டி தேடி அலைவது என் கணக்கில் வீண். பழைய அனலாக் பரப்பும் நாடு முழுக்க 2021-க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது, அதனால் வெறும் ஆன்டெனாவை டயனோராவில் மாட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்காதீர்கள்.


காசிமேடு_அக்கா | ஞாயிறு, மாலை 4:15

கேபிளுக்கு மாசாமாசம் ரெண்டு கனெக்‌ஷன் காசு எதற்கு? எங்கள் வீட்டில் 2007-ல் வந்த இலவச கலர் டிவி, 14 இன்ச், இன்னும் ஓடுகிறது. நான் அதில் டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறேன். டிஷ், பாக்ஸ், மாட்டுகூலி ஒரு தடவை கொடுத்ததோடு சரி, மாசக் கட்டணம் என்று எதுவும் இல்லை. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கினார்களே, அதுதான் இது. அந்த டிவியில் பின்னால் மஞ்சள் வெள்ளை ஓட்டை இருந்ததால் மாடுலேட்டர் எல்லாம் தேவைப்படவில்லை, தம்பிக்கு அது வேண்டியிருக்கும்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தி சேனல்தான் கூட்டமாக வரும். தமிழுக்குப் பொதிகை வரும், இப்போது டிடி தமிழ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் மாமியாருக்கு சீரியல் வேண்டும் என்பதால் அவர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார், எனக்கு அதுவும் வசதிதான். அப்பாவுக்குச் செய்தி மட்டும் போதும் என்றால் யோசித்துப் பாருங்கள்.

டிஷ்ஷை நானும் என் தம்பியும்தான் திருப்பி வைத்தோம். நம்ம ஏரியாவில் இருந்து தென்கிழக்கு, அதாவது கடலைப் பார்த்து நின்று கொஞ்சம் வலது பக்கம் திரும்பினால் போதும். சாட்டிலைட் 93.5 டிகிரியில் இருக்கிறது, நமக்கு வானத்தில் நல்ல உயரம், கிட்டத்தட்ட 68 டிகிரி. ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு நிமிர்ந்து இருக்காது, பாதி சாய்ந்த மாதிரிதான் தெரியும், அதைப் பார்த்து ஏமாந்து இன்னும் நிமிர்த்திவிடாதீர்கள், நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படித்தான் தொலைத்தோம். சிக்னல் உயரத்தில் இருந்து வருவதால் எதிர்வீட்டு மாடி மறைக்கிறது என்ற கவலை அவ்வளவாக இல்லை.

இங்கே எதிரி உப்புக்காற்று. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கொக்கியே ஆறு மாசத்தில் துருப்பிடிக்கும். எல்என்பியில், அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற அந்தக் குட்டி டப்பாவில், ஒயர் திருகுகிற இடம் ஒரே வருஷத்தில் பச்சை பூத்துவிட்டது, படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்து நின்றது. முன்னாடி மாதிரி மங்கலாகவாவது தெரியும் என்பதெல்லாம் டிஜிட்டலில் கிடையாது, வந்தால் பளிச், இல்லாவிட்டால் கருப்புத் திரை. நுனியை வெட்டிப் புதுசாக மாட்டி, கிரீஸ் தடவி, மேலே டேப் சுற்றி, ஒயரைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டு இறக்கினேன். மழைத்தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. அதற்குப் பிறகு தொல்லை இல்லை. பலத்த மழையில் பத்து நிமிஷம் போகும், அது எல்லா டிஷ்ஷிலும் போகும். 2016-ல் வர்தா புயலில் முதல் டிஷ் எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.


பழவண்ணை_வாசி | ஞாயிறு, இரவு 8:20

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அப்பாவிடம் ஃப்ரீ டிஷ் பற்றிச் சொன்னேன், "மழை வந்தா போயிடுமா? மழை வந்தாதாண்டா செய்தி பார்க்கணும்" என்றார். அதனால் கேபிளே இருக்கட்டும். இரண்டாவது கனெக்‌ஷனுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா? எங்கள் கேபிள்காரர் முழுக் காசும் கேட்கிறார்.

மெக்கானிக் அண்ணே, நாளைக்கு மதியம் ரிச்சி தெரு போகிறேன், பாக்ஸைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொள்கிறேன்.


கொடுங்கையூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9:00

2020-ல் டிராய், அதாவது டிவி, போன் கட்டணங்களுக்கு விதி போடுகிற ஆணையம், ஒரு வரம்பு வைத்தது, ஒரே வீட்டில் இரண்டாவது டிவிக்கு அந்த அடிப்படைக் கட்டணத்தில், அதுதான் 130 ரூபாயும் வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு என்று இருந்ததே, அதில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று. 2024-ல் அந்தக் கட்டணத்துக்கான உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள், ஆபரேட்டரே நிர்ணயித்துக்கொள்ளலாம். அதனால் சட்டம் பேசாமல் பேரம் பேசுங்கள். இரண்டாவது பாக்ஸுக்குச் செய்தி சேனல் மட்டும் போதும், கட்டணச் சேனல் எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள், தானாகக் குறையும்.


மிண்ட்_சேகரிப்பு | ஞாயிறு, இரவு 10:45

தாமதமாக வருகிறேன், ஆனால் ரிச்சி தெருவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று. சொந்தக்காரர் வீட்டில் யாரிடமாவது பழைய வீடியோ கேசட் டெக் கிடக்கிறதா என்று கேளுங்கள். வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்தோமே, அதே டெக்தான். கேசட் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அதன் பின்னால் ஏவி உள்ளே போகிற ஓட்டையும் டிவிக்குப் போகிற ஆர்எஃப் ஓட்டையும் இருக்கும். அதற்குள் நல்ல மாடுலேட்டர் உண்டு, பெரும்பாலும் 36-ஆம் சேனல் பக்கம், அதாவது டிவியில் யு பக்கம் வைத்துத் தேட வேண்டும். டெக்கை ஆன் செய்து ஏவி உள்ளீட்டுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டு சாலிடேர் ஷட்டர் வைத்த டிவி ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது, நான் பழைய சாமான் சேர்க்கிறவன், என்னை உதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஷட்டர் வைத்த டிவி ஞாபகம் இருக்கிறதா? மரக்கதவை இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டி சாவியை அம்மா இடுப்பில் சொருகிக்கொள்வார். பரீட்சை நேரத்தில் அந்தச் சாவிக்காக நாங்கள் செய்த வேலைகளுக்குத் தனி இழை போட வேண்டும்.

ஒரு வேளை உங்கள் டிவியில் வட்ட ஓட்டைக்குப் பதில் இரண்டு திருகாணி இருந்து, தட்டை ஒயர் மாட்டுகிற மாதிரி இருந்தால் (படிக்கிற வேறு யாருக்காவது உதவும்) நடுவில் பாலன் என்று ஒரு குட்டி அடாப்டர் வேண்டும். நேராக ஒயரைச் சீவி முறுக்கினால் படம் வரும், ஆனால் பேய்ப்படம் மாதிரி ஒவ்வொரு ஆளுக்கும் பின்னால் ஒரு நிழல் நிற்கும்.


வியாசை_மச்சி | ஞாயிறு, இரவு 11:10

டெக், ஷட்டர், பாலன்... எந்த வருஷத்தில் இருக்கிறீர்கள் எல்லோரும் 😄 நான் எல்இடியில் கிரிக்கெட் பார்க்கப் போகிறேன்.


பழவண்ணை_வாசி | திங்கள், இரவு 9:35

போய் வந்துவிட்டேன். பெரியம்மா வீட்டு டெக்கை எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்களாம், அதனால் கடைதான். மூன்று கடையில் 'இல்லை' என்றார்கள், நாலாவது கடையில் எச்டிஎம்ஐ டப்பாவை நீட்டினார்கள், அண்ணன் சொன்னது அப்படியே. ஐந்தாவதில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு "மாடுலேட்டரா? யாருப்பா இப்ப கேக்கறது?" என்று அடியில் இருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். 650 ரூபாய், ஏவி ஒயர் 80. பாக்ஸில் அங்கேயே சொருகிப் பார்த்துக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டினேன். டப்பாவில் 21 என்று வைத்து, டிவியில் யு பக்கம் தள்ளி, சக்கரத்தைத் திருகினால் எறும்புகள் ஒரு இடத்தில் சட்டென்று அடங்கி ஏதோ தெரிந்தது. தெரிந்தது என்றால், கருப்பு வெள்ளையில், அதுவும் படம் மேலிருந்து கீழே லிஃப்ட் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. சத்தத்துக்குப் பதில் 'உஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல், நடுவில் யாரோ கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி. அப்பா "ஆன்டெனாவ கொஞ்சம் திருப்பிப் பாரு" என்கிறார். ஆன்டெனாவே இல்லையே அப்பா.

கலர் டிவிதானே, ஏன் கருப்பு வெள்ளை? டியூப் போய்விட்டதா?


மெக்கானிக்_தண்டையார்பேட்டை | திங்கள், இரவு 10:10

டியூபுக்கு ஒன்றும் இல்லை, இரண்டுமே செட்டிங். பாக்ஸ் ரிமோட்டில் மெனு, அதில் வீடியோ அல்லது டிஸ்ப்ளே என்று இருக்கும், உள்ளே போனால் என்டிஎஸ்சி, பால் என்று இரண்டு வரும் (ஆவின் பால் இல்லை). இப்போது என்டிஎஸ்சியில் இருக்கிறது, அது அமெரிக்க முறை, செகண்டுக்கு 60 தடவை படம் வரைகிறது. உன் டிவி 50-க்குப் பழகியது, அதனால்தான் படம் ஓடுகிறது. கலரை அனுப்புகிற முறையும் இரண்டிலும் வேறு, அதனால்தான் கலரும் போய்விட்டது. பாலுக்கு மாற்று. எல்இடி டிவி எதைக் கொடுத்தாலும் தின்றுவிடும், அதனால் பாக்ஸ் எதில் இருக்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. டிவி உருளும்போது மெனு படிக்க முடியாது, பாக்ஸை ஹாலில் இருக்கிற எல்இடியில் மாட்டி மாற்றிக்கொண்டு வா.

அங்கேயே இன்னொன்றையும் செய்துவிடு. படத்தின் அளவு 16:9 என்று இருக்கும், 4:3 ஆக்கு. இல்லாவிட்டால் எல்லோரும் ஒல்லியாக, நீளமாகத் தெரிவார்கள். 4:3-லேயே இரண்டு வகை வரும், ஒன்று மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டு முழுப் படம் காட்டும், இன்னொன்று இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடும். செய்தி சேனலில் கீழே எழுத்து ஓடுவதை முழுசாகப் படிக்க வேண்டும் என்றால் கருப்புப் பட்டை வகையே வை.

இரைச்சல் வேறு கதை. மாடுலேட்டர் டப்பாவின் பக்கவாட்டில் குட்டி சுவிட்ச் இருக்கிறதா பார், 4.5, 5.5, 6.0, 6.5 என்றோ, அல்லது பிஜி, ஐ, டிகே என்றோ எழுதியிருக்கும். படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் அது, ஊருக்கு ஊர் மாறும். நம்ம ஊர் டிவிக்கு 5.5, அதாவது பிஜி. சரக்கு எந்த ஊருக்காகச் செய்ததோ அந்த ஊர் கணக்கில் வைத்து வந்திருக்கும்.


பழவண்ணை_வாசி | செவ்வாய், காலை 7:15

அண்ணே!! சுவிட்ச் 6.5-ல் இருந்தது. பல் குத்துகிற குச்சியால் தள்ளினேன், உஸ்ஸ் என்ற சத்தம் அப்படியே நின்று செய்தி வாசிக்கிற அம்மாவின் குரல் கணீர் என்று வந்தது, பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். பாலும் மாற்றியாயிற்று, கலர் வந்துவிட்டது, கொஞ்சம் சிவப்பு தூக்கல், அப்பாவுக்கு அது பிடித்திருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். டிவியை அந்த முதல் பட்டனிலேயே விட்டுவிட்டு, சேனலை எல்லாம் பாக்ஸ் ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும் என்று எவ்வளவு சொன்னாலும், பழைய ஞாபகத்தில் எழுந்து போய் டிவியில் பட்டனை அமுக்கிவிடுகிறார், எறும்பு வந்ததும் "போச்சுடா" என்று என்னைக் கூப்பிடுகிறார். நேற்று மட்டும் நாலு தடவை.


காசிமேடு_அக்கா | செவ்வாய், காலை 8:00

முதல் பட்டனில் நெயில் பாலிஷ் வைத்துவிட்டு மற்ற ஏழையும் செல்லோ டேப் போட்டு மூடிவிடுங்கள் தம்பி. எங்கள் மாமனாருக்கு ரிமோட்டிலேயே அப்படித்தான் செய்தேன், மூன்று பட்டன் மட்டும் திறந்திருக்கும்.


மெக்கானிக்_தண்டையார்பேட்டை | செவ்வாய், காலை 8:40

டேப் வேண்டாம் அக்கா, வெயிலுக்குப் பிசின் உருகி பட்டன் மாட்டிக்கொள்ளும், அப்புறம் என்னிடம்தான் வர வேண்டும். அதைவிட லேசான வழி இருக்கிறது. தம்பி, மற்ற ஏழு பட்டனையும் ஒவ்வொன்றாக அமுக்கி, எல்லாவற்றிலும் யு பக்கம் தள்ளி, அதே 21-க்கே சக்கரத்தைத் திருகி வைத்துவிடு. அப்பா எதை அமுக்கினாலும் அதே படம்தான் வரும்.


பழவண்ணை_வாசி | செவ்வாய், இரவு 7:50

செய்துவிட்டேன். எட்டு பட்டனிலும் ஒரே சேனல். சாயங்காலம் அப்பா வழக்கம்போல எழுந்து போய் மூன்றாவது பட்டனை அமுக்கினார், அதே படம். ஐந்தை அமுக்கினார், அதே படம். திரும்பி என்னைப் பார்த்து "எல்லா சேனல்லயும் இதே செய்தியத்தான் போடுறானுங்க இப்ப" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.